ஏ.எஃப். உள்ள அப்பா நடக்கலாமா? நடந்தால் நாடி 130க்குப் போகிறது

#1 சிப்புட்_மகள்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக் குலை சுமந்து, தோட்டத்திலேயே உழைத்து ஓய்ந்தவர். இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்பு) வீட்டில் எங்களோடு இருக்கிறார். இந்த ஆண்டு தொடக்கத்தில் படபடப்பு என்று கிளினிக்குக்குப் போனோம். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏ.எஃப்., இதயம் தாளம் தப்பித் துடிக்கும் நோய்) என்றார்கள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் எக்கோவும் (இதய ஸ்கேன்) பார்த்தாயிற்று. வால்வில் கோளாறு இல்லை, ஆனால் இந்த ஏ.எஃப். இனி நிரந்தரமாக இருக்கும் வகை என்றார்கள். துடிப்பை அடக்க பிசோப்ரோலோலும், இரத்தம் உறையாமல் இருக்க அபிக்ஸபானும் சாப்பிடுகிறார்.

உட்கார்ந்திருக்கும்போது நாடி 80, 90. கோயிலுக்கு நடந்தால் (பக்கம்தான், அரை கிலோமீட்டர்கூட வராது) கைக்கடிகாரம் 130, 135 என்று காட்டுகிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து அம்மா அவரை நாற்காலியை விட்டு எழ விடுவதில்லை. தண்ணீர்கூட கையில் கொண்டுவந்து கொடுக்கிறார். ஆனால் அப்பா நாளுக்கு நாள் சோர்ந்துகொண்டே போகிறார். இப்போது குளியலறைக்குப் போய் வந்தாலே துடிப்பு ஏறுகிறது.

உடற்பயிற்சி செய்தால் துடிப்பு அடங்கும் என்று ஓர் இடத்தில் படித்தேன். ஏற்கனவே ஓடுகிற இதயத்தை இன்னும் ஓட விடுவது எப்படி நல்லதாகும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 கம்பார்_அண்ணன்

தங்கச்சி, அம்மா செய்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. என் மாமனாருக்கும் இதே வியாதி. கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் படுத்தார். அசையாமல் ஓய்வெடுங்கள் என்று டாக்டரே சொன்னார். வாலிபத்தில் உழைத்தது போதும். இந்த வயதில் எதற்குச் சோதித்துப் பார்க்க வேண்டும்?

#3 பழைய_டிரஸ்ஸர்

வணக்கம் மகளே. பேராக் தோட்டங்களில் டிரஸ்ஸராக (தோட்ட ஆஸ்பத்திரி மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் இல்லை. அதனால் நான் சொல்வதை வைத்து மருந்தில் கை வைக்காதீர்கள், டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கம்பார் தம்பிக்கு. உங்கள் மாமனாருக்குக் கால் வீக்கமும் மூச்சுத் திணறலும் இருந்திருக்கிறது. அது இதயம் இரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறும் நிலை. அந்த நேரத்தில் ஓய்வு சொன்னது முற்றிலும் சரி. இந்த மகளின் அப்பாவுக்கு அப்படி எதுவும் இருப்பதாக எழுதவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக் கூடாது.

இப்போது 130 ஏன் வருகிறது என்பதைச் சொல்கிறேன். இதைப் புரிந்துகொண்டால் அம்மாவின் பயம் பாதி குறையும். ஏ.எஃப்.இல் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குவதில்லை, நிமிடத்துக்கு 350 முதல் 600 தடவை வரை அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அத்தனையும் கீழறைக்கு இறங்கினால் ஆள் தாங்க மாட்டார். நடுவில் ஏவி கணு என்று சின்னத் திசு ஒன்று இருக்கிறது. தோட்டத்து கேட்டில் நிற்கும் ஜாகா (காவல்காரர்) மாதிரி, வருகிற கூட்டத்தில் சிலரை மட்டும்தான் அது உள்ளே விடும். வேகஸ் என்ற நரம்பு அந்தக் கணுவை இறுக்கிப் பிடிக்கிறது, சிம்பதெட்டிக் நரம்புகள் தளர்த்துகின்றன. உட்கார்ந்திருக்கும்போது வேகஸின் கை ஓங்கியிருக்கும். எழுந்து நாலு எட்டு வைத்ததும் அந்தப் பிடி விடுகிறது. நமக்கெல்லாம் துடிப்பு படிப்படியாக ஏறும். ஏ.எஃப். உள்ளவருக்கு வெளியே ஏற்கனவே கூட்டம் நிற்பதால் முதல் ஓரிரு நிமிடத்திலேயே குபீரென்று ஏறிவிடும். அது நோயின் இயல்பு. நடக்கத் தொடங்கியதும் 130 என்று பார்த்த மாத்திரத்தில் இதயம் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை.

மாதக்கணக்கில் உட்காரவைத்தால் என்ன ஆகும்? தொடைச் சதை கரையும். வலுவிழந்த கால் அதே பத்தடி நடக்கக் கூடுதல் இரத்தம் கேட்கும், இதயம் கூடுதலாக அடிக்கும். வேகஸின் பிடியும் தளரும். குளியலறைக்குப் போனாலே ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் உட்கார்ந்தே இருந்ததன் பங்கும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் புதிதாக வந்த சோர்வு என்பதால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். இரத்தச்சோகை, தைராய்டு, இதயம் பலவீனப்படுவது, மருந்தின் அளவு என்று வேறு காரணங்களும் உண்டு.

பயிற்சி இதையெல்லாம் திருப்பிப்போடுகிறது. கால் சதை இரத்தத்திலிருந்து உயிர்வாயுவை நன்றாக எடுக்கப் பழகும், அதே நடைக்கு இதயம் குறைவாக அடித்தால் போதும். வேகஸின் பிடியும் வலுக்கும். டென்மார்க்கில் 2011இல் வந்த ஆய்வில் நிரந்தர ஏ.எஃப். உள்ள, ஏறக்குறைய 70 வயதுக்காரர்களுக்கு 12 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். நடக்கும் தூரம் கூடியது, ஓய்வு நாடி குறைந்தது. ஏ.எஃப். போகவில்லை. நாடிதான் அடங்கியது. உங்கள் அப்பாவுக்கு வேண்டியதும் அதுதானே?

#4 சிப்புட்_மகள்

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. அம்மாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். ஜாகா விஷயம் அப்பாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

இன்னும் இரண்டு கேள்வி. உட்கார்ந்திருக்கும்போது 80, 90 என்பது அதிகமா? 60, 70க்குக் கொண்டுவர வேண்டுமா? நடக்கும்போது கடிகாரத்தில் எத்தனை வரை விடலாம்? 220இலிருந்து வயதைக் கழிக்கச் சொல்கிறார்களே, அப்படியானால் அப்பாவுக்கு 149 ஆகிறது.

#5 ஈப்போ_பிசியோ

அக்கா, நான் பிசியோதெரபிஸ்ட், இதய மறுவாழ்வுப் பிரிவில் வேலை பார்த்திருக்கிறேன். அந்த 220 கணக்கை அப்பாவுக்குப் போடாதீர்கள். அது சாதாரண தாளத்தில் துடிக்கும் இதயத்துக்கு உள்ளது. ஏ.எஃப்.இல் வேகத்தை முடிவு செய்வது ஏவி கணு. பிசோப்ரோலோல் வேறு உச்சத்தைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

ஓய்வு நாடியைப் பொறுத்தவரை நெதர்லாந்தில் நடந்த ரேஸ் 2 ஆய்வு (2010) முக்கியமானது. நிரந்தர ஏ.எஃப். உள்ள 614 பேரில் ஒரு பாதிக்கு நாடியை 80க்குக் கீழே கறாராக வைத்தார்கள், மறுபாதிக்கு 110க்குக் கீழே இருந்தால் போதும் என்று விட்டார்கள். 110 வரை விடப்பட்டவர்கள் மற்றவர்களைவிட மோசமாகிவிடவில்லை. அதனால் தொல்லை இல்லாதவருக்கு 80, 90 என்பது கவலைப்படும் எண் இல்லை. 60க்கு இறக்க மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனால் தலைசுற்றிக் கீழே விழுவார்கள். இரத்தம் உறையாத மருந்து சாப்பிடுபவர் விழுந்து தலையில் அடிபட்டால் அது பெரிய ஆபத்து.

கைக்கடிகாரம் தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தின் மேல் ஒளியடித்துக் கணக்கெடுக்கிறது. ஏ.எஃப்.இல் துடிப்புகள் ஒன்றுபோல் இருக்காது. சில துடிப்பு வலுவில்லாமல் மணிக்கட்டுவரை வந்து சேராது. கை வீசி நடக்கும்போது இன்னும் குழம்பும். நடையின் நடுவில் வரும் எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அதற்குப் பதிலாக நாங்கள் பார்ப்பது மூச்சை. பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மட்டும் மூச்சு போதாது. அதுதான் சரியான வேகம். பேச்சு இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை நின்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். சுவீடனின் குன்னார் போர்க் வகுத்த உழைப்பு அளவுகோல் 6இலிருந்து 20 வரை போகும். அதில் 11 முதல் 13 வரை, அதாவது 'லேசாக இருக்கிறது' என்பதற்கும் 'கொஞ்சம் கடினம்' என்பதற்கும் நடுவில் அப்பா இருந்தால் போதும்.

தொடக்கம் மெதுவாக இருக்கட்டும். ஏ.எஃப். உள்ளவர்களுக்கு நான் மிக வற்புறுத்துவது இதைத்தான். டிரஸ்ஸர் ஐயா சொன்ன முதல் நிமிடத்துத் தாவல் இருக்கிறதே, அதை அடக்க ஐந்து முதல் பத்து நிமிடம் சும்மா உலாவுவது போல நடக்க வேண்டும். முடிக்கும்போதும் சட்டென்று உட்காராமல் அப்படியே தணிய வேண்டும். முதல் வாரம் வீட்டு வாசலிலேயே காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம். வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். ஒரு நாளைக்கு 30 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள் என்ற இடத்துக்கு இரண்டு மூன்று மாதத்தில் வந்தால் நல்லது, அவசரமே இல்லை. இடையே நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது எட்டுப் பத்து முறை, சிங்க்கைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது பத்து முறை. மூச்சை அடக்கிக்கொண்டு எதையும் தூக்கக் கூடாது, எரிவாயுத் தோம்பு உட்பட.

#6 லயத்து_அக்கா

தங்கச்சி, எனக்கு 68 வயது, எனக்கும் ஏ.எஃப். இருக்கிறது. என் கதை கொஞ்சம் வேறு. சின்ன வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது. அதனால் இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின்தான், ஐ.என்.ஆர். (இரத்தம் உறையும் அளவைக் காட்டும் சோதனை) பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன். வால்வு சுருங்கியவர்களுக்குத் துடிப்பு வேகமானால் இரத்தம் நிரம்ப நேரம் கிடைக்காது, நுரையீரலில் நீர் கோக்கும். டாக்டர் பார்த்து எவ்வளவு என்று சொன்ன பிறகுதான் நான் நடக்கத் தொடங்கினேன். உன் அப்பாவுக்கு வால்வு நன்றாக இருப்பது பெரிய பாக்கியம்.

நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். நாமெல்லாம் விடியுமுன் பால்வெட்டுக்குப் போன ஆட்கள், இருட்டிலேயே கிளம்பிவிடுவோம். இப்போது அது வேண்டாம். தாமான் ரோட்டில் குழி தெரியாது, நாய் துரத்தும். ஏழு மணி தாண்டி வெளிச்சம் வந்த பிறகு போனால் போதும், எட்டரைக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அதற்கு மேல் வெயில் ஏறி உடம்பில் நீர் வற்றினால் நாடி தானாக ஏறும். நான் தமிழ்ப்பள்ளித் திடலைச் சுற்றுகிறேன், தரை சமமாக இருக்கிறது. கையில் ஒரு கம்பு, தண்ணீர்ப் போத்தல், மருந்துப் பெயர் எழுதிய அட்டை.

இன்னொன்று, நடக்கத் தொடங்கியதும் முட்டி வலிக்கும். உடனே யாராவது ஜாமு (மலாய் மூலிகை மருந்து), மூட்டுவலிப் பொடி என்று கொண்டுவருவார்கள். வாங்கவே வாங்காதே. ஸ்டீராய்டு கலந்த பொடிகளைப் பற்றி சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. கடையில் விற்கும் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையும் அபிக்ஸபானோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும். வலித்தால் கிளினிக்கில் சொல்லிக் கேட்டு வாங்கு.

#7 கம்பார்_அண்ணன்

டிரஸ்ஸர் ஐயா விளக்கிய பிறகு மாமனார் விஷயம் புரிகிறது. ஆனால் ஒரு சந்தேகம் விடவில்லை. மாரத்தான் ஓடுபவர்களுக்கே ஏ.எஃப். அதிகமாக வருகிறது என்று செய்தியில் பார்த்தேன். பயிற்சி மருந்தென்றால் அவர்களுக்கு ஏன் வர வேண்டும்?

#8 ஈப்போ_பிசியோ

நல்ல கேள்வி அண்ணே. செய்தி உண்மைதான். சுவீடனில் வாசாலோப்பெட் என்று 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி இருக்கிறது. அதில் பங்கெடுத்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தார்கள். அதிகப் போட்டிகளை முடித்தவர்களுக்கும் வேகமாக முடித்தவர்களுக்கும் தாளக் கோளாறு கூடுதலாக இருந்தது. ஆண்டுக்கணக்கில் அப்படி உழைத்தால் மேலறை விரிந்து தழும்பாகிறது என்கிறார்கள். தினம் அரை மணி நேரம் பேசிக்கொண்டே நடக்கும் 71 வயதுக்காரரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

இன்னொரு பக்கம், நார்வேயில் 2016இல் ஒரு ஆய்வு வந்தது. விட்டு விட்டு வரும் ஏ.எஃப். உள்ளவர்களுக்கு 12 வாரம் கடும் இடைவெளிப் பயிற்சி கொடுத்தார்கள். தோலுக்கடியில் கருவி வைத்துப் பார்த்ததில் ஏ.எஃப்.இல் இருந்த நேரம் 8.1 விழுக்காட்டிலிருந்து 4.8க்கு இறங்கியது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 120 பேருக்கு ஆறு மாதப் பயிற்சி கொடுத்தபோது, ஓராண்டு முடிவில் பயிற்சி செய்தவர்களில் 40 விழுக்காட்டினர் ஏ.எஃப். திரும்பாமல் இருந்தார்கள். செய்யாதவர்களில் 20 விழுக்காடு. இவை இரண்டும் நிரந்தர வகைக்கு உரியவை அல்ல. நார்வேக்காரர்கள் செய்த கடும் பயிற்சியை யாரும் வீட்டில் செய்து பார்க்கவும் வேண்டாம்.

#9 பத்துமலை_பக்தன்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் பெரியப்பாவுக்கு ஏ.எஃப்., வயது 69. பால்குடம் எடுப்பதாக வேண்டுதல் இருக்கிறது, பத்துமலை 272 படியும் ஏறுவேன் என்கிறார். வேண்டாம் என்றால் கோபிக்கிறார். மூன்று நாள் மாத்திரை நிறுத்திவிட்டு விரதம் இருக்கப் போவதாக வேறு சொல்கிறார்.

#10 பழைய_டிரஸ்ஸர்

தம்பி, மாத்திரையை நிறுத்துவது என்ற பேச்சையே எடுக்க விடாதீர்கள். ஏ.எஃப். உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. மேலறையில் தேங்கும் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போவதால் வருகிறது. டபிகாட்ரான், ரிவாராக்ஸபான், அபிக்ஸபான் எல்லாம் ஒன்றிரண்டு வேளை விட்டாலே பாதுகாப்பு இறங்கிவிடும். ரிவாராக்ஸபானை உணவோடு சாப்பிட வேண்டும், அதனால் விரதத்தைப் பற்றி மருந்தாளரிடம் கட்டாயம் பேசுங்கள். பிசோப்ரோலோல் மாதிரி பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் நாடி முன்பைவிட வேகமாக எகிறும். எவ்வளவு பயிற்சி செய்தாலும் இரத்தம் உறையாத மருந்துக்கு அது ஈடாகாது. சிப்புட் மகளும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், 'நடந்து நாடி இறங்கிவிட்டது, இனி மருந்து எதற்கு' என்று அப்பாவே ஒரு நாள் கேட்பார்.

படி ஏறுவதைப் பற்றி: இரவெல்லாம் விழித்து, தண்ணீர் குடிக்காமல், நெரிசலில், தலையில் குடத்தோடு 272 படி என்பது பயிற்சி இல்லாத இதயத்துக்கு ஒரே நாளில் வைக்கும் பெரும் பாரம். இன்னும் மாதங்கள் இருந்தால் இன்றே சமதரையில் நடக்கத் தொடங்கட்டும், பிறகு வீட்டுப் படி, அதன் பிறகு டாக்டரிடம் கேட்கட்டும். அவர் வேண்டாம் என்றால் கீழேயே வேண்டுதலைச் செலுத்தலாம். எங்கள் ஊர்க்காரர்கள் ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போவார்கள். வயதானவர்களுக்காகக் குடும்பத்தில் இளையவர் பால்குடம் எடுப்பது வழக்கம்தானே. முருகன் கோபிக்க மாட்டான் என்பதை மனப்பூர்வமாக நம்புகிறேன்.

எப்போது நடக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். உட்கார்ந்து பத்து நிமிடம் ஆன பிறகும் நாடி 110க்கு மேல் இருந்தால் அன்று வேண்டாம், தொடர்ந்து அப்படியே இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள். 50க்குக் கீழே போய்த் தலை சுற்றினாலும் அப்படித்தான். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, புதிதாகக் கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, இரண்டு மூன்று நாளில் எடை சட்டென்று கூடுவது, இவற்றில் எது இருந்தாலும் நடையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ கண் இருண்டாலோ அங்கேயே உட்கார வேண்டும், சில நிமிடத்தில் விடாவிட்டால் 999 என்ற அவசர எண்ணுக்கு அழையுங்கள். முகம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது, இதில் எது வந்தாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள்.

நாடி எண்ணும் முறை: 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது ஏ.எஃப்.க்கு உதவாது, முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். நாங்கள் தோட்ட ஆஸ்பத்திரியில் ஒருவர் நெஞ்சில் ஸ்டெத்தஸ்கோப் வைத்தும் இன்னொருவர் மணிக்கட்டைப் பிடித்தும் ஒரே நேரத்தில் எண்ணுவோம். நெஞ்சில் 110, கையில் 90 என்று வரும். அந்த வித்தியாசமே நோயைக் காட்டிக் கொடுக்கும். வீட்டு பிரஷர் மெஷினும் ஏ.எஃப்.இல் தடுமாறும், மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

#11 சிப்புட்_மகள்

ஆஸ்பத்திரித் தவணை முடிந்தது, அதனால் எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் சொன்னவற்றைத் தாளில் எழுதிக் கொண்டுபோனேன். டாக்டர் 24 மணி நேரமும் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவி கட்டிப் பார்த்தார். இரத்தச்சோகை இல்லை, தைராய்டும் சரி. நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும் என்று அம்மாவை உட்காரவைத்துச் சொன்னார். மாத்திரை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்றும் கேட்டார். அப்பா காலை பத்து மணிக்குப் பசியாறும்போதுதான் பிசோப்ரோலோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், விடிந்து நடக்கும் நேரத்தில் முந்தைய நாள் மருந்து இறங்கிப்போய்விடுகிறதாம். நேரத்தை மாற்றிக் கொடுத்தார்.

இப்போது வாசல் நடை முடிந்து கோயில்வரை போய் வருகிறார். கடிகாரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அம்மாவும் கூட நடக்கிறார். அப்பா பேசிக்கொண்டே வந்தால் சரி, பேச்சு நின்றால் அம்மா நிறுத்திவிடுகிறார். வந்து உட்கார்ந்து பத்து நிமிடம் கழித்து எண்ணினால் 90க்குள் வந்துவிடுகிறது. முன்பு அரை மணி நேரம் ஆகும். குளியலறைக்குப் போய் வந்தால் படபடப்பதும் குறைந்திருக்கிறது.

மழைக்காலம் வருகிறது. மூன்று நான்கு நாள் தொடர்ந்து நடக்காவிட்டால் பழையபடி ஆகிவிடுமா? புகைமூட்டம் வந்தால் என்ன செய்வது?

#12 ஈப்போ_பிசியோ

ரொம்ப மகிழ்ச்சி அக்கா. மூன்று நான்கு நாளில் எதுவும் போய்விடாது. இரண்டு வாரத்துக்கு மேல் விட்டால் இறங்கத் தொடங்கும், அப்போது விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் பாதியிலிருந்து தொடங்குங்கள். மழைக்கு, வீட்டுக் கூடத்தில் நின்ற இடத்திலேயே கால் தூக்கி நடப்பது, நாற்காலிப் பயிற்சி, இரண்டையும் ஐந்தைந்து நிமிடமாகப் பிரித்துச் செய்யலாம். டவுனில் கடை வரிசையின் ஐந்தடி நடைபாதையும் நனையாத இடம்தான், ஆனால் ஈரத்தில் தரை வழுக்கும், பிடிப்புள்ள காலணி போடட்டும். புகைமூட்டத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே நடக்க வேண்டாம். நுண்துகள்கள் இதயத் தாளத்துக்கே கெடுதல்.

#13 லயத்து_அக்கா

அம்மாவுக்கு முட்டி எப்படி இருக்கிறது? இருவரும் நடக்கிறார்கள் என்றால் அவரையும் ஒரு தடவை கிளினிக்கில் காட்டிவிடு. சுகர், பிரஷர் பார்த்து நாளாகியிருக்கும். இந்த ஓட்டத்தில் அவரை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.